தனிச் சங்கம் எதற்கு என்று கேட்ட அண்ணனுக்கு

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் ஒரு கல்யாணப் பந்தியில் பேச்சு வந்தது. நம் உறவில் காதுகேளாத பெண் ஒருத்தி, தன்னைப் போன்ற பெண்களின் சங்கத்தில் சேர்ந்திருக்கிறாள். "அதுகளுக்குத் தனிச் சங்கம் வேறயா? ஊரோடு ஒத்து இருக்க வேண்டாமா?" என்றார் ஓர் அண்ணன். சாப்பாட்டு நேரத்தில் சண்டை வேண்டாம் என்று விட்டேன். இங்கே விடமாட்டேன்.

அண்ணே, கதவை முதலில் சாத்தியது யார்? வாஷிங்டனில் காதுகேளாதோருக்கென்றே ஒரு கல்லூரி, இன்றைய காலடெட் பல்கலைக்கழகம். 1864-இல் அதற்கான சட்டத்தில் கையெழுத்திட்டவர் லிங்கன். 1887-இல் பெண்களைச் சேர்த்தபோது 'சோதனை முயற்சி' என்றுதான் சேர்த்தார்கள். ஆண்களின் இலக்கிய மன்றத்தில் விவாதிக்க அவர்களுக்கு இடமில்லை. அங்கே படித்த யாருக்குமே காது கேளாது. அங்கேயும் பெண் என்றால் வெளியே!

அகதா டீகல் என்ற மாணவி, ஏழு வயதில் மூளைக்காய்ச்சலால் செவியை இழந்தவர். கெஞ்சிக்கொண்டு நிற்கவில்லை. 1892-இல் தோழிகளோடு 'ஓ.டபிள்யூ.எல்.எஸ்.' சங்கத்தைத் தொடங்கி அதன் முதல் தலைவியானார். எழுத்துகளைச் சேர்த்துப் படித்தால் 'ஆந்தைகள்' (நமக்கு அபசகுனம், அவர்களுக்கு அறிவின் அடையாளம்). அங்கே பெண்கள் விவாதித்தார்கள், கவிதை பயின்றார்கள், அக்கா தங்கைகளாகப் பழகினார்கள். 1893 பட்டமளிப்பு விழாவில், இருபது வயது நிரம்பாத அகதா பேச எடுத்துக்கொண்ட தலைப்பு 'பெண்ணின் அறிவு'. பெண்ணுக்கு அறிவு குறைவில்லை, வளர்ப்பில்தான் அவளைக் கட்டிப்போடுகிறார்கள் என்று வாதிட்டார். 1954-இல் 'ஃபை கப்பா ஸீட்டா' என்று பெயர் மாறி, அந்தச் சங்கம் இன்றும் இருக்கிறது.

பொதுச் சங்கம் போதாதா என்பீர்கள். அமெரிக்கக் காதுகேளாதோரின் தேசியச் சங்கம் 1880-இல் தோன்றியது. அதில் பெண்களுக்கு ஓட்டுரிமை கிடைத்தது 1964-இல். எண்பத்துநான்கு வருஷம்! அதுவரை 'ஒத்து' இருந்து என்ன கண்டார்கள்?

இன்னொன்று. நம் பிள்ளைகள் பாதி உலகத்தைப் பெரியவர்கள் பேச்சை ஒட்டுக்கேட்டே கற்றுக்கொள்கிறார்கள். சைகை தெரியாத வீட்டில் அந்தப் பெண்ணுக்கு அது கிடைக்குமா? அவளுக்குச் சங்கம்தான் திண்ணை.

அண்ணன் இதைப் படிப்பார் என்று தெரியும். அன்று உங்களுக்கு இரண்டு இலை தள்ளித்தான் அவள் உட்கார்ந்திருந்தாள். பாயசம் வரும்வரை அவளிடம் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும்தான்.