முழங்கை இல்லாத மாலுமி

சென்ற விடுமுறையில் என் பேரன் பழைய கேலிச்சித்திரப் படமொன்றைக் காட்டினான். 1928ஆம் ஆண்டு வால்ட் டிஸ்னியும் அப் ஐவெர்க்ஸும் ஆக்கிய 'ஸ்டீம்போட் வில்லி' அது. மிக்கி என்ற எலி மாலுமிக்கு முழங்கையுமில்லை, எலும்புமில்லை. கைகால்களெல்லாம் றப்பர்க் குழாய்களே. மூட்டு வரையும் சிரமம் இல்லையாதலால், நாளெல்லாம் வரைந்து தள்ளிய ஓவியர்க்கு இது பெரும் வசதி. ஆடொன்று இசைத்தாளை விழுங்குகிறது. வாலைச் சுழற்றினால் அதன் வாய்வழியே பாட்டு வருகிறது! பசுவின் பற்களோ தட்டி வாசிக்கும் வாத்தியமாகின்றன. மன்னார்த் தெருவில் திரியும் கழுதைகளிடம் நேயர்கள் இதனைப் பரீட்சித்துப் பார்க்க வேண்டா. பாட்டு வராது, உதைதான் வரும்.

சிரித்து ஓய்ந்த பேரன், "அப்பப்பா, இப்படிப் புகைக்கப்பல் எங்கள் கடலிலும் ஓடியதா?" என்றான்.

ஓடியது. அப்படம் வெளிவந்த ஆண்டிலும் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்குமிடையே நீராவிக்கப்பல்கள் போய்வந்தன. 1914இல் தொடங்கிய அச்சேவை 1964 டிசெம்பர்ப் புயலோடு நின்றது, தனுஷ்கோடியும் அழிந்தது. அதற்கு முன், அன்னையின் கைபற்றி அக்கப்பலில் ஏறிய சிறுவர்களுள் அடியேனும் ஒருவன்.

"படம் இருக்கிறதா?" என்றான். எலியின் கப்பலுக்கு இருக்கிறது. எங்கள் கப்பலுக்கு, என் நினைவைத் தவிர, வீட்டில் ஒன்றுமில்லை.