ஐ அக்ரீ அமுக்கினா கார்டு நம்மளுது இல்லையா?

ஆணி அதிகம். அதான் ரெண்டு மாசமா இந்தப் பக்கம் தலை காட்டலை. இன்னிக்கு வந்தது சண்டை போடறதுக்கு. முன்னாடியே சொல்லிடறேன், இது கார்டு கேம் பத்தின பதிவு, கொஞ்சம் நீளம்.

கார்டு கேம்னு சொன்னதும் "ரம்மியா சார்?"னு கேக்கப் போறவங்க வரிசையில நிக்கவும். முதல் ஆள் எங்க அபார்ட்மெண்ட் மூணாவது மாடி மாமா. லிஃப்டுல என் கையில கார்டு டப்பாவைப் பாத்துட்டு, "இதெல்லாம் தடை பண்ணியாச்சே, நீங்க படிச்சவர் வேற"ன்னார். அவரைச் சொல்லித் தப்பில்லை. நம்ம ஊர்ல ஆன்லைன் கார்டுன்னா நாலஞ்சு வருஷமா ஒரே அர்த்தம்தான். 2021-ல ஒரு சட்டத்தை ஹைகோர்ட் ரத்து பண்ணுச்சு, 2023-ல புதுசு வந்துச்சு, அதே வருஷம் நவம்பர்ல ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுன்னு சொல்லி அந்தப் பகுதியை மட்டும் கோர்ட் நீக்குச்சு, 2025 ஆகஸ்டுல மத்திய அரசு பணம் வெச்சு ஆடற ஆன்லைன் ஆட்டத்துக்கே தடைச் சட்டம் கொண்டு வந்துச்சு. மாமா பேப்பர் படிக்கிறவர். பயப்படத்தான் செய்வார்.

நான் சொல்றது வேற ஜாதி. 1993-ல ரிச்சர்ட் கார்ஃபீல்டுன்னு ஒரு கணக்கு வாத்தியார் உருவாக்கின மேஜிக் த கேதரிங், அதுக்கப்புறம் வந்த போக்கிமான், யூகியோ வகையறா. இதுல எல்லாருக்கும் பொதுவா 52 சீட்டுன்னு கிடையாது. உன் கார்டு உனக்கு, என் கார்டு எனக்கு. பாக்கெட் பிரிச்சும் மாத்திக்கிட்டும் சேத்து வெச்சிருக்கறதுல இருந்து பொறுக்கி எடுத்து ஆளுக்கு ஒரு கட்டு கட்டிக்கிட்டு மோதணும். புரியலைன்னா சுலபமான வழி இருக்கு. மருந்தீஸ்வரர் கோயில் குளத்துப் படியில உக்காந்து டபிள்யூ.டபிள்யூ.எஃப் ட்ரம்ப் கார்டு ஆடின தலைமுறைதானே நாம? ரேங்க், ஹைட், வெயிட், பைசெப்ஸ். பிக் ஃபன் பபிள்கம்முக்குள்ள வர்ற ரன்னும் விக்கெட்டும் சேத்தோமே, ஞாபகம் இருக்கா? அதுல ஆட்டம் பாதிதான். மீதிப் பாதி, டபுள் இருக்கறதைக் குடுத்து இல்லாததை வாங்கறது. பேரம் படியாம ரெண்டு நாள் பேசாம இருந்திருக்கோம்.

சரி, மேட்டருக்கு வரேன்.

அக்கா பையன் பத்தாவது படிக்கிறான். ரெண்டு வருஷமா போன்ல ஒரு கார்டு கேம். பேர் வேணாம். பிறந்தநாள் காசு, தீபாவளி காசு, தாத்தா குடுத்தது எல்லாம் அதுக்குள்ள போயிருக்கு. போன மாசம் அதுல ஒரு அறிவிப்பு. உங்களோடு பயணித்தது மகிழ்ச்சி, இன்ன தேதியோட சர்வர் நிறுத்தப்படும்னு. அந்தத் தேதியில நிறுத்திட்டாங்க. பையன் எனக்கு போன் பண்ணான். "மாமா, காசு போனா போகுது. என்னென்ன கார்டு வெச்சிருந்தேன்னு கூட இப்ப பாக்க முடியலை."

இதை என்னோட சக பதிவர் ஒருத்தர்கிட்ட சாட்ல புலம்பினேன். அவர் பதில்: "ஐ அக்ரீ அமுக்கினான்ல? அதுல எல்லாம் போட்டிருக்கும். அவன் வாங்கினது கார்டு இல்லை, உரிமம். விளையாட்டுக்குப் போய் ஏன்யா இவ்ளோ டென்ஷன்?"

இந்தப் பதிவே அந்த ஒரு வரிக்கான பதில்தான்.

கடைக்குள்ள பட்டன்ல "வாங்கு"ன்னு எழுதியிருக்கு. "வாடகைக்கு எடு"ன்னு எழுதலை. முப்பது பக்க ஒப்பந்தத்துல வாடகைன்னு எழுதிட்டு பட்டன்ல வாங்குன்னு எழுதறது, கிரயப் பத்திரம்னு சொல்லிக் கையெழுத்து வாங்கிட்டு உள்ள குத்தகைப் பத்திரம் வெச்சிருக்கற மாதிரி. இது எனக்கு மட்டும் தோணினது இல்லை. கலிஃபோர்னியாவுல 2024-ல ஒரு சட்டம் போட்டு, 2025 ஜனவரியில இருந்து டிஜிட்டல் பொருளை விக்கறவங்க இது உரிமம்தான்னு தெளிவா சொல்லாம "வாங்கு"ங்கற வார்த்தையைப் போடக் கூடாதுன்னுட்டாங்க. நம்ம 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துலயும் மின்வணிகம்னா என்னன்னு சொல்ற இடத்துலயே டிஜிட்டல் பொருளும் சேர்த்திதான். இங்கேயும் அதைக் கேட்டா என்ன தப்பு?

பையனுக்கு நடந்தது அதிசயமும் இல்லை. ஹெக்ஸ்னு ஒரு ஆட்டம். 2013-ல கிக்ஸ்டார்ட்டர்ல ரசிகர்கள்கிட்ட 22 லட்சம் டாலருக்கு மேல வசூல் பண்ணி ஆரம்பிச்சாங்க. 2020 டிசம்பர் 31-ஓட இழுத்து மூடியாச்சு. எல்டர் ஸ்க்ரோல்ஸ் லெஜண்ட்ஸ், 2025 ஜனவரியில. போக்கிமானோட பழைய ஆன்லைன் ஆட்டம் 2011-ல இருந்து ஓடி 2023 ஜூன்ல நின்னுச்சு. அதுக்குப் பதிலா லைவ்னு புதுசு குடுத்தாங்க, கார்டுகளையும் மாத்திக் குடுத்தாங்க, அதை மறைக்கக் கூடாது. ஆனா பழசுல ஆளுக்கு ஆள் கார்டு மாத்திக்கலாம், புதுசுல அது கிடையாது. கோயில் குளத்துப் படியையே இடிச்ச மாதிரி ஆயிடுச்சு எனக்கு.

யோக்கியமா முடிச்சவங்களும் உண்டு. வால்வ் கம்பெனி 2018-ல ஆர்டிஃபேக்ட்னு ஒண்ணு விட்டாங்க, அதே கார்ஃபீல்ட் வடிவமைச்சது. ஓடலை. 2021 மார்ச்சுல கைவிட்டப்போ ஆட்டத்தை இலவசமாக்கி, எல்லா கார்டையும் எல்லாருக்கும் திறந்து விட்டுட்டாங்க. ஆக, மனசு இருந்தா முடியும்.

இப்ப நான் ரொம்ப நாளா எழுத நினைச்ச விஷயம். கம்பெனி சாராத மென்பொருள்கள்.

காக்கட்ரைஸ்னு ஒரு திறமூல மென்பொருள் இருக்கு. மேஜிக் ஆடலாம். அழகுன்னு சொன்னா என் கீபோர்டே சிரிக்கும், அவ்ளோ சுமாரான முகம். அதுக்கு விதியே தெரியாது. கேரம் போர்டுக்கு ஃபவுல் தெரியுமா? ஆடறவங்கதான் பேசித் தீத்துக்கணும். அதனாலேயே எனக்குப் பிடிக்கும், எதிராளிகிட்ட பேசாம ஆடவே முடியாது. விதி தெரிஞ்ச அம்பயர் வேணும்னா ஃபோர்ஜ், எக்ஸ்மேஜ்னு ரெண்டு இருக்கு, ரெண்டும் ஜாவா. ஃபோர்ஜுல கம்ப்யூட்டரே எதிராளியா ஆடும். பவர்கட்ல நெட் போனாலும் லேப்டாப் சார்ஜ் இருக்கற வரைக்கும் ஆடலாம்.

"அதெல்லாம் திருட்டு"ங்கறது அடுத்த வாதம். காக்கட்ரைஸ் நிரலே ஜிபிஎல் உரிமத்துல வர்றது. ஆனா கார்டோட படமும் எழுத்தும் கம்பெனிக்குச் சொந்தம், அதுல எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. படம் வரைஞ்சவன் சாப்பிடணும். நானும் வருஷத்துக்கு ரெண்டு டப்பா காசு குடுத்து வாங்கறேன், தங்கமணிகிட்ட திட்டும் வாங்கறேன். என் கேள்வி ஒண்ணே ஒண்ணு. கடையையே மூடிட்டுப் போனப்புறம் அந்த ஆட்டத்தை யார் காப்பாத்தறது?

நெட்ரன்னர் கதையைக் கேளுங்க. இதுவும் கார்ஃபீல்ட் ஆட்டம்தான், 1996-ல வந்து, படுத்து, 2012-ல வேற ஒரு பதிப்பகம் புதுசாக்கி விட்டுச்சு. 2018-ல உரிமம் முடிஞ்சு விற்பனை நின்னுச்சு. மத்த ஆட்டமா இருந்தா அதோட சங்கு. ஆனா இதுக்கு ஜின்டெக்கின்னு ரசிகர்களே எழுதின திறமூல ஆட்டக்களம் பிரவுசர்ல ஏற்கெனவே ஓடிட்டிருந்துச்சு. கார்டு விவரம் முழுக்க ரசிகர்கள் கையில இருந்துச்சு. தன்னார்வலர்கள் சேந்து ஒரு குழு ஆரம்பிச்சு, புது கார்டு வடிவமைச்சு, வீட்டுலயே அச்சடிச்சுக்கற கோப்பும் குடுத்து இன்னிக்கு வரைக்கும் ஓட்டறாங்க. 2022-ல இருந்து அவங்க பேரு நல் சிக்னல் கேம்ஸ். கம்பெனி கைவிட்ட ஆட்டத்தை மென்பொருள் தெரிஞ்ச பத்துப் பேர் தோள்ல தூக்கிட்டுப் போனாங்க. அவங்களைத் திருடன்னு சொல்ல எனக்கு வாய் வராது.

எல்லாருக்கும் இந்த அதிர்ஷ்டம் இல்லை. யூகியோ ஆடறவங்க ஓசியில கூடற இடமா ட்யூயலிங் நெட்வொர்க்னு ஒண்ணு இருந்துச்சு. கொனாமி நோட்டீஸ் விட்டு 2016-ல மூட வெச்சாங்க.

அடுத்து பட்டியல். என்கிட்ட என்ன இருக்குங்கற பட்டியல்கூட கம்பெனிச் சொத்தா? மேஜிக் அரீனா கம்ப்யூட்டர்ல எழுதற லாக் கோப்புல நம்ம கார்டு கணக்கு இருந்துச்சு. அதைப் படிச்சுத்தான் வெளியாட்கள் செஞ்ச டிராக்கர் மென்பொருள்கள் நம்மகிட்ட எது இருக்கு, எது குறையுதுன்னு சொல்லிட்டிருந்துச்சு. 2021-ல லாக்ல இருந்து அந்தத் தகவலை எடுத்துட்டாங்க. என் அலமாரியில என்ன இருக்குன்னு பாக்க நான் கடைக்காரர்கிட்ட அனுமதி கேக்கணும்!

இங்க இருக்கற பழைய பதிவர்களுக்கு இது புரியாமப் போனா வேற யாருக்கும் புரியாது. ஜியோசிட்டீஸ்ல கவிதை எழுதிட்டு 2009 அக்டோபர்ல தலையில துண்டு போட்டவங்க எத்தனை பேர்? டிஸ்கியில அடிச்சு வெச்ச கோப்பை யுனிகோடு வந்தப்புறம் திறந்து பாத்து ஜிலேபி எழுத்தைப் பாத்து அழுதவங்க? அப்புறம்தானே பேக்கப் எடுக்கப் பழகினோம்? கூகிள்காரனே பிளாக்கர்ல மொத்தப் பதிவையும் இறக்கிக்கற பட்டனை வெச்சிருக்கான். கார்டு விக்கறவனுக்கு அதை வைக்க என்ன கேடு?

காகிதக் கார்டு மட்டும் சாசுவதமான்னு கேப்பீங்க. இல்லைதான். திருவான்மியூர் கடல் காத்துல பளபளா கார்டெல்லாம் அப்பளம் மாதிரி வளைஞ்சுக்கும். என் நண்பன் வேளச்சேரியில தரைத்தளம். 2015 டிசம்பர் வெள்ளத்துல அவனோட பன்னெண்டு வருஷ டப்பா கஞ்சியாயிடுச்சு. ஆனா அவன்கிட்ட மெயில்ல ஒரு சின்ன கோப்பு இருந்துச்சு. பேரு, எந்தத் தொகுப்பு, அடியில போட்டிருக்கற நம்பர், எத்தனை இருக்கு. அவ்ளோதான். கரண்ட் வந்த வாரமே அந்தப் பட்டியல்ல இருந்து ஒரு கட்டை காக்கட்ரைஸ்ல ஏத்தி என்னோட ஆடினான். ரெண்டு ஆட்டமும் ஜெயிச்சான், கடுப்பேத்தறதுக்குன்னே. மூணு வருஷத்துல பாதிக்கு மேல திரும்ப வாங்கிட்டான், எது வாங்கணும்னு தெரிஞ்சதால. அவனுக்கு மிஞ்சின அந்தக் கோப்பு அக்கா பையனுக்கு மிஞ்சலை.

நடுவுல ஒரு வயித்தெரிச்சல். 2001-ல மேஜிக்ல ஒரு கார்டை சமஸ்கிருதத்துல அச்சடிச்சிருக்காங்க, ஃபங்கல் ஷாம்ப்ளர்னு ஒரு காளான் பூதம். தமிழ்ல இதுவரைக்கும் ஒண்ணுகூட இல்லை. இதுக்கு மட்டும் தனிப் பதிவு போட்டு கும்மி அடிக்கலாம், இன்னொரு நாள்.

போன ஞாயித்துக்கிழமை பையனை வீட்டுக்கு வரச் சொல்லி, கைவசம் இருந்த காகிதப் போக்கிமான் கார்டையெல்லாம் தரையில பரப்பினோம். லிப்ரே ஆபீஸ்ல நாலு கட்டம். நான் படிக்க, அவன் அடிச்சான். நம்பர் ஏன் முக்கியம்னு அப்பதான் அவனுக்கே புரிஞ்சுது. பிக்காச்சுன்னு எழுதினா போதாது, எத்தனையோ பிக்காச்சு இருக்கு. 58/102-னு எழுதினாத்தான் அந்த 1999 பிக்காச்சு. பாதியில கட்டு ஒண்ணு வந்துச்சு, பத்தும் தங்க நிறம். பக்கத்து ஃபேன்சி ஸ்டோர்ல வாங்கினதாம். எடுத்து வெளிச்சத்துல காட்டினேன். எழுத்துப் பிழை, அச்சு மங்கல். எல்லாம் டூப்ளிகேட்.

"இதையும் லிஸ்ட்ல போடலாமா மாமா?"

"போடு. பக்கத்துல டுபாக்கூர்னு எழுது."

மொத்தம் 214 வந்துச்சு, டுபாக்கூர் பத்தையும் சேத்து. கோப்பை மெயில்ல அவனுக்கே அனுப்பிட்டு, பென் டிரைவ்ல ஒண்ணு போட்டுக் குடுத்தேன்.

டிஸ்கி: அந்த நாலு கட்ட கோப்பு வேணும்னா பின்னூட்டத்துல சொல்லுங்க, அனுப்பறேன். "ஐ அக்ரீ" சொன்ன நண்பர் இந்தப் பதிவைக் கண்டிப்பா படிப்பார். ஓய், சண்டைக்கு வாரும், காத்துக்கிட்டிருக்கேன் :-)