இலையைக் கேட்காமல் உரம் எதற்கு?

மந்தாரக்குப்பத்தைச் சுற்றி, பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தின் மண்மேடுகள் முடிகிற இடத்தில் முந்திரிக் கொல்லைகள் தொடங்கிவிடுகின்றன. பண்ருட்டிப் பக்கம் போகப் போகப் பலா. செம்மண் பூமி, மழைநீர் சீக்கிரம் இறங்கிவிடும், போட்ட பொட்டாஷில் ஒரு பங்கு அதோடு போய்விடும். மரத்தில் இலை வெளுத்தால் என்ன நடக்கிறது? ஒரு கிளையை ஒடித்துக்கொண்டு உரக்கடைக்குப் போகிறார்கள். கடைக்காரர் பார்த்துவிட்டு நுண்ணூட்டப் பாக்கெட் ஒன்றைக் கொடுக்கிறார். பச்சை திரும்பாவிட்டால் அடுத்த பாக்கெட். விற்பவரே நோயைச் சொல்பவராகவும் இருக்கும்போது, ‘எதுவும் வேண்டாம்’ என்ற பதில் மட்டும் வரவே வராது.

அரசிடம் இதற்கு இருக்கும் பதில் மண்வள அட்டை. 2015 பிப்ரவரியில் ராஜஸ்தானின் சூரத்கரில் தொடங்கிய திட்டம். கார அமில நிலையிலிருந்து போரான் வரை 12 அளவுகளைச் சொல்கிறது. நெல்லுக்கும் மல்லாட்டைக்கும் அது உதவும், மறுக்கவில்லை. ஆனால் மாதிரி எடுப்பது மேல்மண்ணில், ஏறக்குறைய 15 செ.மீ. ஆழத்துக்கு. பலாவின் வேரும் முந்திரியின் வேரும் அதைத் தாண்டி எங்கோ போய்விட்டவை. தொடக்க விதிப்படி மானாவாரி நிலத்தில் 10 ஹெக்டேருக்கு ஒரு மாதிரி போதும் என்று இருந்தது. ஆக, ஒருவர் கையில் இருக்கும் அட்டை பக்கத்துக் கொல்லையின் மண்ணைப் பற்றியதாகவும் இருக்கலாம். எல்லாவற்றுக்கும் மேல், மண்ணில் இருப்பது வேறு, மரம் எடுத்துக்கொண்டது வேறு.

மரம் எடுத்துக்கொண்டதை இலைதான் காட்டும். எந்த இலை என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. தழைச்சத்து, சாம்பல்சத்து, மக்னீசியம் ஆகியவை குறைந்தால் மரம் முதிர்ந்த இலையிலிருந்து பிடுங்கிக் கொழுந்துக்கு அனுப்பும். சுண்ணாம்பும் போரானும் அப்படி நகர்வதில்லை. கொழுந்துதான் முதலில் வாடும். அதனால் கைக்கு எட்டிய இலையைப் பறித்து அனுப்பினால் வரும் எண்ணுக்கு அர்த்தமே இல்லை. பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த பார்கவா 1980-களில் சட்டாவுடன் சேர்ந்து இந்தியப் பழப்பயிர்களுக்கு எந்த இலையைப் பறிப்பது என்பதைத் தொகுத்துத் தந்தார். வாழைக்கு உச்சியிலிருந்து மூன்றாவது விரிந்த இலை. பப்பாளிக்கு ஆறாவது இலையின் காம்பு. மாவுக்கு நான்கு முதல் ஏழு மாத வயதுள்ள நடுக்கிளை இலை. முந்திரிக்குப் பூக்கத் தொடங்கும்போது நுனியிலிருந்து நான்காவது இலை.

மந்தாரக்குப்பத்துக்கு மட்டும் ஒரு கூடுதல் எச்சரிக்கை வேண்டும். இங்கே இலையின்மேல் விரலை வைத்து இழுத்தால் கோடு விழும். லாரிப் புழுதி, சுரங்க மண், அனல்மின் நிலையச் சாம்பல் எல்லாம் கலந்த தூசு. செம்மண்ணின் சிவப்பே இரும்புதான். பழுப்பு நிலக்கரிச் சாம்பலில் சுண்ணாம்பு அதிகம். கழுவாத இலையைப் பொடித்து ஆய்வுக்கூடத்தில் கொடுத்தால் இரும்பும் சுண்ணாம்பும் தாராளமாக இருப்பதாக அறிக்கை வரும். அது மரத்தின் கணக்கல்ல, சாலையின் கணக்கு. குழாய் நீர், நீர்த்த சோப்புக் கரைசல், நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம், கடைசியாக வாலைவடிநீர் என்று வரிசையாக, சத்து கரைந்துவிடாதபடி வேகமாக அலச வேண்டும். பிறகு 70 டிகிரி செல்சியஸ் அளவில் உலர்த்தி அரைக்க வேண்டும். பாலிதீன் பையில் புழுங்கவிடாமல் காகிதப் பையில் கொண்டுபோவதும் முக்கியம்.

இவ்வளவும் செய்து எண் வந்துவிட்டாலும் அது தனியாக நின்று எதையும் சொல்லாது. வளர்ச்சி நின்றுபோன மரத்தில் சத்து செறிந்து ‘போதுமானது’ என்று காட்டும். தளதளவென்று வளரும் மரத்தில் நீர்த்துப்போய்க் ‘குறை’ என்று காட்டும். வெளுத்த இலையிலும் மொத்த இரும்பு குறையாமல் இருப்பதுண்டு. செயல்படும் இரும்புதான் இருக்காது. கடலூர் அருகே ராமாபுரம் பக்கத்து வாழையை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது இலையில் சாம்பல்சத்து 3 சதவீதத்துக்குக் குறைந்தால் தட்டுப்பாடு என்பது பொதுவான அளவுகோல். அந்தப் பயத்தில் பொட்டாஷை அள்ளிக் கொட்டினால் வேர் மக்னீசியத்தை எடுப்பது தடைப்படும். மணிச்சத்து மிஞ்சினால் துத்தநாகம் அடிபடும். இல்லாத குறைக்கு வைத்தியம் பார்த்து, இருக்கும் சமநிலையைக் கெடுப்பது இப்படித்தான்.

தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பல்கலைக்கழகத்திலிருந்து பியூஃபில்ஸ் 1973-இல் வெளியிட்ட ‘டிரிஸ்’ முறை இந்த இடத்தில்தான் உதவுகிறது. அது ஒவ்வொரு சத்தையும் தனியே பார்க்காமல், ஒன்றுக்கொன்று உள்ள விகிதத்தைப் பார்க்கிறது. நன்றாகக் காய்க்கும் தோட்டங்களின் விகிதம் அளவுகோலாகிறது. சுமாராகக் காய்ப்பது எந்தச் சத்தில் எவ்வளவு விலகியிருக்கிறது என்று வரிசைப்படுத்துகிறது. மாவுக்கும் திராட்சைக்கும் இந்தியாவிலேயே இதைச் செய்திருக்கிறார்கள். பண்ருட்டியின் பெயரைச் சொல்லி விற்கிற பலாவுக்கு அந்த அளவுக்குத் தரவு சேரவில்லை. இது எனக்கு விந்தையாகவே படுகிறது.

அந்தத் தரவைச் சேர்ப்பதற்கு இப்போதைவிட நல்ல வாய்ப்பும் கிடைக்காது. 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே புயல் இந்த வட்டாரத்தின் முந்திரியையும் பலாவையும் சாய்த்துப் போட்டது. அதன்பின் நட்ட கன்றுகள் இன்று ஏறக்குறைய ஒரே வயதில், ஒரே வகை மண்ணில், வெவ்வேறு விளைச்சலோடு நிற்கின்றன. டிரிஸ் கேட்பதும் இத்தகைய ஒப்பீட்டைத்தான். விருத்தாசலத்தில் வேளாண் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பலா ரகம் வெளியிட்ட பாலூர் நிலையமும் இதே மாவட்டத்தில்தான். பணத்துக்கு வழி தேடியும் அலைய வேண்டாம். நிறுவனச் சட்டப்படி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டிய, இந்தச் சுரங்கத்தை நடத்தும் என்எல்சி கண்ணுக்கு எதிரே நிற்கிறது. அதன் தூசு படியும் கொல்லைகளின் இலைகளைப் படிக்க ஓர் ஆய்வுக்கூடம் கேட்பது பெரிய கோரிக்கை அல்ல. 

முந்திரி பூக்கத் தொடங்குவது தை மாத வாக்கில். மாதிரி எடுக்கும் பணியாளர்களுக்குப் பயிற்சியும், மரத்துக்கு மரம் விளைச்சல் குறிக்கும் பதிவேடும் கார்த்திகைக்குள் தயாரானால் முதல் சுற்று இலைகளை அந்தப் பருவத்திலேயே பறித்துவிடலாம்.