மதுவம் காட்டும் சிக்கனம்

பாண்மாவைப் பொங்கச் செய்யும் மதுவத்தை நாம் அறிவோம். அதன் கலத்தினுள் நிகழும் சிக்கனத்தை அறிந்தோர் சிலரே.

சமிபாட்டு நொதியங்களைச் சுமந்து செல்லும் மென்சவ்வுப் புரதமொன்று அங்குண்டு. எண்டோசோம் என்னும் சிறு பையிலே அது சுமையை இறக்குகிறது. நொதியங்கள் கலத்தின் சமிபாட்டறையாகிய புன்வெற்றிடத்தை அடைகின்றன. சுமந்த புரதமோ அடுத்த சுமைக்காகப் புறப்பட்ட இடத்துக்கே மீள்கிறது. அதனை மீட்டனுப்புவது 'றெற்றோமர்' என்னும் புரதக் கூட்டம். அக்கூட்டம் பழுதுற்றால் நொதியங்கள் கலத்துக்கு வெளியே வீணாய்ச் சிந்தும்.

மதுவத்தில் இக்கூட்டத்தை அமெரிக்க ஆய்வாளர் 1998 இல் இனங்கண்டனர். மனிதரின் கலங்களிலும் அஃது உண்டு. அதன் உறுப்பொன்றின் மரபணு மாற்றம், கைந்நடுக்கந் தரும் பார்க்கின்சன் நோயைச் சில குடும்பங்களில் விளைவிப்பது 2011 இல் தெரியவந்தது.

சிற்றுயிரென மதுவத்தை நாம் இகழலாமோ?