உழவு மெசின் கிரேன் இல்லை



பெரும்போக அறுவடை முடிந்ததும் நமது ஊரில் கட்டட வேலைகள் சூடுபிடிக்கும். வயலில் நின்ற உழவு மெசின் அப்படியே கட்டட வளவுக்குள் வந்துவிடும். மண், கல், சீமெந்து ஏற்றி இறக்கட்டும், அதில் நமக்குப் பேச்சில்லை. அதைக் கொண்டு பாரம் தூக்குவதைப் பற்றித்தான் பேசுகிறோம்.

இரும்புக் கேடரைக் கயிற்றில் கட்டி, கப்பியில் போட்டு, மறுமுனையை மெசினுக்குப் பின்னால் மாட்டி இழுக்கிறார்கள். முன்னால் பக்கெட் பூட்டிய மெசின் என்றால் ஆளையே அதில் ஏற்றி மேல்மாடிக்கு அனுப்புகிறார்கள். ஏறி நிற்பவன் யார்? சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு, பெறுபேறு வரும்வரை கூலிக்குப் போன நமது மாணவன்.

"இருபது வருசமா ஓட்டுற ஆள், ஒண்டும் ஆகாது" என்பார்கள். அந்த இருபது வருசமும் வயலில் ஓடியது. இழுவைக் கொக்கியைப் பின் அச்சுக்குக் கீழே வைத்திருப்பது சும்மா இல்லை. கயிற்றை அச்சுக்கு மேலே கட்டி, பாரம் அசையாமல் நின்றால் மெசினின் முன்பக்கம் கிளம்பும். ஒரு விநாடியளவில் அது பின்புறமாகக் கவிழ்ந்துவிடும். கிளச்சை மிதிக்க நினைப்பதற்குள் சாரதி அடியில். பழைய மெசின்கள் பலவற்றில் அவரைக் காக்கும் இரும்புச் சட்டமும் கிடையாது.

பக்கெட்டும் அப்படித்தான். முன்னால் பாரத்தைத் தூக்கினால் பின்சில்லின் மேல் உள்ள பாரம் குறையும். பெரும்பாலான மெசின்களுக்குப் பிரேக் இருப்பதே பின்சில்லில் மட்டும்தான்! ஒரு சில்லு பள்ளத்தில் இறங்கினால் மெசின் பக்கவாட்டில் சாயும். ஹைட்ரோலிக் குழாய் வெடித்தால் பக்கெட் யாருக்கும் காத்திராது.

பூம் ட்ரக்குக்கு வாடகை கூட என்று நிர்வாகத்தினர் சொல்கிறார்கள். திறப்பு விழாச் சாப்பாட்டுக்கும், பெயர் பொறித்த நினைவுக்கல்லுக்கும் காசு வரும்போது இதற்கு மட்டும் வராதா? இன்னும் சிலர் "எல்லாம் கத்ர்" என்று முடித்துவிடுகிறார்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தானே தவக்குல் வைக்கச் சொல்லப்பட்டிருக்கிறது. அதை மட்டும் எப்படி மறந்தோம்?

பூம் ட்ரக் வாடகையை மதிப்பீட்டிலேயே சேர்த்துவிட்டு வசூலுக்கு வாருங்கள், கொடுக்கிறோம். சிறிய பாரத்துக்கு உறுதியான தாங்கியில் செயின் புளொக் போதும். கல் கொண்டுபோகப் பக்கெட் தேவைப்பட்டால், பின்னால் எதிர்ப்பாரம் பூட்டுங்கள். ஓடும்போது பக்கெட்டைத் தாழ்த்தி வையுங்கள். உயர்த்துவதற்கு முன் மேலே கரண்ட் வயர் போகிறதா என்று பாருங்கள். கீழே ஒருவரும் நிற்கக்கூடாது. பக்கெட்டுக்குள் ஆள் ஏறவே கூடாது.

வகுப்பில் எங்கள் மாணவர்களுக்கு இதைச் சொல்லத் தொடங்கிவிட்டோம்: ஏறச் சொன்னால் அன்றைய கூலியை விட்டுவிட்டு வீட்டுக்கு வாருங்கள். மேசன் பாஸ்மாருக்குக் கோபம் வந்தால் பிள்ளையை ஏச வேண்டாம், பாடசாலைக்கு வந்து எங்களிடம் கேளுங்கள்.