உளமருத்துவத்தில் முதல் உசாவல்

வில்லியனூர், பாகூர்ப் பக்கத்துச் சிற்றூர்களில் ஒருவருக்கு உறக்கம் கெட்டாலும் உணவு செல்லாதொழிந்தாலும், அதனை உளநோயென்று வீட்டார் எண்ணுதல் அரிது. நெஞ்சு படபடக்கிறது, தலை பாரமாயிருக்கிறது என்றே ஆரம்ப சுகாதார நிலையத்திற்கோ, பேருந்தேறிக் கோரிமேட்டு ஜிப்மர் மருத்துவமனைக்கோ செல்வர். ஆங்கு உளமருத்துவர் நெடுநேரம் வினவுவது கண்டு, "வைத்தியத்துக்கு வந்தோமா, வாக்குமூலம் கொடுக்க வந்தோமா?" என்று சலிப்பாரும் உளர். ஒருநாட் கூலியை இழந்து வந்தவரது சலிப்பை யாம் இகழோம். ஆயினும் அவ்வினாக்களே மருத்துவத்தின் முதற்பகுதி என்பது எம் கருத்து.

என்னை? உளச்சோர்வுபோலத் தோன்றுவது தைராய்டுச் சுரப்பியின் குறைவாலும் இரத்தசோகையாலும் வருதல் கூடும். அவை பேச்சினால் தீரா. குடிப்பவரிடம் எவ்வளவு குடிப்பீர், கடைசியாகக் குடித்தது எப்பொழுது என்று கேட்பதும் பழித்தற்கன்று. நாடோறும் மிகுதியாய்க் குடித்தவர் திடீரென நிறுத்தின், சில நாட்களுக்குள் வலிப்பும் பிதற்றலும் கண்டு உயிர்க்கே இடர் நேர்தலுண்டு. திருக்குறளின் மருந்து அதிகாரமும் நோயின் அளவோடு நோயாளியின் அளவையும் காலத்தையும் கருதச் சொல்கின்றது.

நம்மவர் பெரிதும் அஞ்சும் வினா ஒன்றுண்டு. அது, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. கேட்டால் இல்லாத எண்ணமும் எழுந்துவிடும் என்பர். ஆராய்ச்சிகள் அவ்வச்சத்திற்குச் சான்று காட்டவில்லை. கேட்டபின் நெஞ்சின் சுமை குறைந்ததாக உணர்வாரே பலர். தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்கின்படி, 2022-இல் தற்கொலையால் இறந்தோர் இந்திய நாட்டில் இலட்சத்திற்கு 12.4 பேர், புதுச்சேரியிலோ 29.7 பேர். இந்நிலையில் கேளாதிருப்பதே கேடு. நெல்லும் கரும்பும் விளையும் பாகூர்ப் பகுதியில் உழவர் வீட்டுத் தாழ்வாரத்திலேயே பூச்சிமருந்து கிடப்பதுண்டு. அஃது எங்கே உளது என்றும் மருத்துவர் கேட்டு, அகற்றிவைக்குமாறு உறவினரிடம் சொல்லல் வேண்டும். சாவை நாடும் வேகம் பலர்க்குச் சிறுபொழுதில் தணிவது. அப்பொழுது நஞ்சு கைக்கெட்டாதிருப்பின் உயிர் பிழைக்கும்.

ஆனால் இவ்வுசாவல் நடைபெறும் முறையில் எமக்கு ஒரு குறை உண்டு. நோயாளி வாய்திறக்குமுன் உடன்வந்தோரே விடையிறுக்கின்றனர். கணவனும் மாமியாரும் சூழ்ந்து நிற்க, மருமகள் யாது உரைப்பாள்? 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியின் செய்தி மறைவாய்க் காக்கப்படுதலை அவரது உரிமையாக்கியுள்ளது. ஆதலின் முதலில் நோயாளியைத் தனியே கேட்டு, பின்னரே சுற்றத்தாரைக் கேட்டல் முறை. வினாக்களும் அவர் பேசும் மொழியில் அமைதல் வேண்டும். செந்தமிழ் பயிலும் யாமே இதனைக் கூறுவது சிலர்க்கு நகைப்பாகலாம். எனினும் 'ஒண்ணுமே புடிக்கல' என்பாரிடம் 'ஆர்வக்குறைவு உளதோ?' என்று வினவின் அவர் விழிப்பாரேயன்றி விடை கூறார்.

மருத்துவமனை செல்லத் தயங்குவோர், 2022 அக்டோபரில் நடுவணரசு தொடங்கிய டெலி மானஸ் உதவிக்கு 14416 என்னும் எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். ஆங்கும் முதலில் சில வினாக்கள் கேட்பர்.