ஆணியா, பசைக் கொக்கியா?

பத்மாராவ் நகரிலும் மேற்கு மாரேட்பள்ளியிலும் வாடகை வீட்டில் குடியிருக்கும் நம்மவர்களுக்கு, காலி செய்யும் நாளில்தான் சுவரைப் பற்றிய கவலை வருகிறது. வீட்டுக்காரர் ஆணித் துளைகளை எண்ணி அட்வான்ஸில் கழிக்கும்போது மனம் கசக்கத்தான் செய்கிறது.

அதற்காகவே எங்கள் வீட்டில் கழற்றி எடுக்கும் பசைக் கொக்கிகள் ஏறின. காலண்டரும் சாவிக்கொத்தும் சமத்தாகத் தொங்கின. காலி செய்யும் அவசரத்தில் ஒன்றை முன்பக்கமாக இழுத்தேன். உள்ளங்கையளவு பெயின்ட் பெயர்ந்து வந்தது. குற்றம் கொக்கியினுடையதல்ல, என்னுடையது. அடியில் நீட்டியிருக்கும் நாக்கைப் பிடித்து, சுவரை ஒட்டியவாறே நேர் கீழாக, மெதுவாக இழுக்க வேண்டும். பட்டை ரப்பர்போல் நீண்டு மெலியும். பசை தானே விடும்.

சுண்ணாம்புச் சுவரிலும், தடவினால் கையில் மாவாக ஒட்டும் டிஸ்டெம்பரிலும் இது நிற்காது. புது பெயின்ட் என்றால் ஒரு வாரம் பொறுங்கள். ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, அரை நிமிடம் அழுத்தி, ஒரு மணி நேரம் கழித்துப் பாரம் ஏற்றலாம்.

என் தந்தையாரின் கண்ணாடிச் சட்டமிட்ட படத்தை மட்டும் இதில் மாட்டக் கூடாது என்பதே என் கட்சி. 'கமாண்ட்' பட்டைகளைத் தயாரிக்கும் 3எம் நிறுவனமே சுமார் 40 டிகிரி வெப்பம் வரைதான் கணக்குச் சொல்கிறது; ஈடு செய்ய முடியாத பொருள்களை மாட்ட வேண்டாம் என்றும் எச்சரிக்கிறது. நம் ஹைதராபாத் மே மாதத்தைக் கேட்கவா வேண்டும்!

புது வீட்டுக்காரரிடம் குடிவந்த அன்றே ஓர் ஆணிக்கு அனுமதி கேட்டேன். சுத்தியலையும் அவரே கொடுத்தார்.